தகிடுதத்தமும் ஆறாவது சுளையும்

தைப்பிங் சந்தையில் பழம் விற்கும் மலாய்க்காரி ஒருத்தி, போன மாதம் என் கல்யாணத்தையே சந்தேகப்பட வைத்துவிட்டாள். அவள் செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கூறு கட்டி வைத்திருந்த மங்குஸ்தான் பழங்களை நான் கிளறிக்கொண்டிருந்தேன். பழத்தை அழுத்திப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது, பிறகு கடைக்காரியின் முகத்தைப் பார்ப்பது, இவை மூன்றும் தென்காசிக்காரியின் பிறப்புரிமை. அந்த மக்சிக்குக்குப் பொறுமை போய்விட்டது. மக்சிக் என்றால் இங்கே அத்தை, சித்தி மாதிரி வயதில் மூத்த பெண்ணை அழைக்கும் மரியாதைச் சொல். ஒரு பழத்தைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் செதுக்கி ஒட்டியது போலக் குட்டிப் பூ ஒன்று. அதன் இதழ்களை விரலால் தொட்டு எண்ணி, "எனாம்" என்றாள். ஆறு. பழத்தை இரண்டு கையாலும் நெரித்துப் பிளந்தாள். உள்ளே வெள்ளை வெளேரென்று ஆறு சுளை. இன்னொன்றை எடுத்து, "லீமா" என்றாள். அதில் ஐந்து. வெளியே எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. "இனி தக் பண்டாய் தீப்பு" என்று பழத்தைத் தட்டிக் கொடுத்தாள். இதற்கு ஏமாற்றத் தெரியாது என்று அர்த்தம். இந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியுமாம்.

எனக்குத் தெரியாது. அதுதான் வினை. நாலு வருஷத்துக்கு முன்னால் குற்றாலத்துச் சாரலில் நின்றுகொண்டு, உரிக்காத மங்குஸ்தான் ஒன்றை என் கையில் வைத்து, "இதுல ஆறு சுளை இருக்கும்" என்று ஓர் ஆள் சொன்னார். எக்ஸ்ரே கண் உள்ள மனிதர் என்று நான் அசந்துபோனேன். அந்த ஆளைத்தான் கல்யாணம் செய்துகொண்டு, கப்பலேறி, வழியெல்லாம் வாந்தியெடுத்து, பினாங்கில் இறங்கி, ரயில் பிடித்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு பழக்காரி அந்த அதிசயத்தைக் கூறு போட்டு விற்கிறாள்! சந்தை நடுவில் நின்று, நல்ல தமிழில், "தகிடுதத்தம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சீனர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அப்பா இத்து?" என்று கேட்டாள் மக்சிக். அது என்ன என்கிறாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஊரிலிருக்கும் உங்களுக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. என்னோடு கப்பலில் வந்தவர்களுக்குத் தெரியும், ஒரு சொல்லின் முழு எடையும் அதை வேறொரு பாஷைக்குத் தூக்கிப் போக முயலும்போதுதான் தோளில் உறைக்கும் என்று. மலாயில் 'தீப்பு' என்ற ஒரே சொல்தான் எனக்குத் தெரியும். அது போதாது. பொய் வேறு, அதற்கு ஒரு வாய் போதும். மோசடி வேறு, அதற்குப் போலீஸ் வரும். ஏமாற்று என்றால் ஏமாந்தவன் ஒருவன் எங்கேயாவது அழுதுகொண்டிருக்க வேண்டும். தகிடுதத்தத்துக்கு உழைப்பு வேண்டும், முன்னேற்பாடு வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக முகத்தில் பச்சைப் பிள்ளையின் களை வேண்டும். சொல்லைச் சொல்லும்போதே மிருதங்கம் கேட்கவில்லையா? பால்காரர் பாலில் தண்ணீர் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்ப்பால். அவரே பசுவை வாசலுக்கு ஓட்டிவந்து, நம் கண் முன்னாலேயே கறந்து, செம்பின் அடியில் முன்கூட்டியே கொஞ்சம் தண்ணீரும் வைத்திருந்தால் அதுதான் தகிடுதத்தம். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த என் அப்பா, மேலே பளபளவென்று பத்துக் கத்தரிக்காயும் அடியில் முழுக்கச் சொத்தையுமாக வரும் கூடையைக் கவிழ்த்துவிட்டு, "என்னா தகிடுதத்தம் பண்ணியிருக்கான், பாரு!" என்பார். குரலில் கோபம் பாதி, கைதட்டல் பாதி. பூகோளப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை வைத்து நான் படிப்பதைக் கண்டுபிடித்தால் அம்மாவுக்கும் இதே சொல்தான். ஒரு விசேஷத்தை மட்டும் சிறுவயதிலேயே கவனித்திருக்கிறேன். நீ பண்ணினாய், அவன் பண்ணினான், ஊரே பண்ணியது என்பார்கள். 'நான் தகிடுதத்தம் பண்ணினேன்' என்று தென்காசியில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இவ்வளவையும் மக்சிக்கிடம் என் சந்தை மலாயில் சொல்ல முடியுமா? முயன்றேன். கணவனுக்கு மலாயில் 'சுவாமி' என்று பெயர். வீட்டில் இவரை அப்படிக் கூப்பிடும் உத்தேசம் எனக்கு இல்லை. சந்தையில் வேறு வழியில்லை. "சுவாமி தீப்பு. மங்கிஸ். எனாம். காவின்" என்றேன். கணவர் ஏமாற்று, மங்குஸ்தான், ஆறு, கல்யாணம். இவரையும் என்னோடு சந்தையில் பார்த்திருப்பவள் அவள். முகம் மெல்ல மாறியது. என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தாள். "காசிஹான், காசிஹான்" என்று உச்சுக்கொட்டினாள். ஐயோ பாவம் என்கிறாள். கூறுக்கு மேல் இரண்டு பழம் சேர்த்துப் போட்டாள். ஒருவேளை ஆறு என்பதை என் வீட்டுக்காரரின் மற்ற மனைவிகளின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, பழம் கிடைத்த சந்தோஷத்தில் நான் அதைத் திருத்தவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. என் கல்யாணத்தில் எனக்குப் பெருமையான விஷயம் ஒன்றே ஒன்று. எல்லாப் பெண்களுக்கும் வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நான் மட்டும் நானாகத் தீர்மானித்தேன். அந்தத் தீர்மானமே ஒரு வித்தைக்காரன் விரித்த துணியில் விழுந்த காசுதானா? இது தெரிந்தாக வேண்டும். தெரிய வேண்டுமானால் அந்த நாளை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அப்போது தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டான்யூப் நதி எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் பார்த்த கடல் திருச்செந்தூர். படித்த ஊர் பாளையங்கோட்டை. அதற்கு அப்பால் உலகம் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. இந்த நிலையில் அப்பாவின் அக்கா, ராசம்மாள் அத்தை, வாசுதேவநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பத்தில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தாள். மாப்பிள்ளைமேல் எனக்குப் புகார் இல்லை. ஆளையே பார்த்ததில்லையே! ஆனால் தென்காசியிலிருந்து வாசுதேவநல்லூருக்குப் போவதைப் பயணம் என்று ஒத்துக்கொள்ள என் பூகோளம் இடம் தரவில்லை. அதைவிட, சம்மதமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை; அத்தையைப் பொறுத்தவரை அப்படி ஒரு கேள்வியே உலகத்தில் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிற விதத்தை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்து, சொஜ்ஜி தின்று, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்று போனவர்கள் சொல்லி அனுப்பாவிட்டால், தெருவுக்கே அது தெரிந்துவிடும். அதனால் விவரமானவர்கள் குற்றாலத்துச் சீசனுக்குக் காத்திருப்பார்கள். ஆனி, ஆடியில் சாரல் விழுந்ததும் பெண் வீட்டார் 'சும்மா' குளிக்கப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் 'சும்மா' வருவார்கள். இரண்டு கூட்டமும் கோயில் வாசல் பக்கம் 'தற்செயலாக'ச் சந்தித்து, ஆச்சரியப்பட்டு, தண்ணீர் விழுவதைப் பற்றிப் பேசும். வந்த காரியத்தை எவரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பெயர், ஊர் கேட்கவே கூடாது. முன்பே பழகியவர்கள் போல் இருக்க வேண்டும். கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் பழக்கூடையை நீட்டுவார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டால் யோசிக்கிறோம் என்று பொருள். அங்கேயே உரித்துத் தின்றால் சம்மதம். பிடிக்கவில்லையென்றால் 'சாரல் ஜாஸ்தியாயிட்டு, கிளம்புதோம்' என்று போய்விடலாம். யாருக்கும் அவமானமில்லை, ஏனென்றால் எதுவுமே நடக்கவில்லை. இத்தனை நேர்த்தியான தகிடுதத்தத்தை எந்த நாட்டுப் பூகோளத்திலும் நான் படித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் அத்தை எனக்கு ஒத்திகை நடத்தினாள்.

"ஏட்டி செண்பகம், அவங்களக் கண்டதும் நான் 'அடடே'ன்னு சொல்லுவேன். நீ தலையக் குனிஞ்சிக்கிட்டு அருவியப் பாக்கணும், கேட்டியா?"

"தலையக் குனிஞ்சா அருவி எப்படித் தெரியும் அத்தை?"

"இந்த வாய்தாம்ட்டி ஒனக்குச் சனியன். மில்லுக்காரன் வீட்டுல போயும் இப்படிப் பேசாத."

"அவங்கள எப்படி அடையாளம் கண்டுபிடிப்பிய?"

"எல்லாம் சொல்லியனுப்பியாச்சு. அவரு கறுப்புக் குடை வச்சிருப்பாரு. பழக்கூடை இருக்கும்."

இதைச் சொன்னபோது அத்தையின் முகத்தில் ஒரு சேனாதிபதியின் நிம்மதி. குற்றாலத்தில் இறங்கினோம். சாரல் பூப்பூவாக இறங்கிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் ஆண்பிள்ளை என்று இருந்த அத்தனை பேர் கையிலும் கறுப்புக் குடை. பாதிப் பேர் கையில் பழக்கூடை.

அத்தை அசரவில்லை. கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு குடையாகத் தேடினாள். ஒரு குடைக்கு அடியில் ஒரு பெரியவரும், அவர் மனைவியும், இளவட்டமாக ஒரு மகனும் நின்று, இவளைப் போலவே கண்ணைச் சுருக்கி யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணும் கண்ணும் சந்தித்தன.

"அடடே! நீங்க எங்க இங்கன?" என்றாள் அத்தை.

"அடடே! சும்மா குளிச்சிட்டுப் போலாம்னு. நீங்க?" என்றாள் அந்த அம்மாள்.

"நாங்களும் சும்மாத்தான். பாத்து எவ்வளவு நாளாச்சு!"

பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கட்டியது. சாரலாகவும் இருக்கலாம்.

"தண்ணி நல்லா விழுதுல்லா, அண்ணாச்சி?" என்றார் அப்பா.

"நல்லா விழுது. கூட்டந்தான் தாங்கல."

"தம்பிக்கு வேலையெல்லாம் நல்லா நடக்கா?" என்று அத்தை தூண்டில் போட்டாள்.

"நல்லா நடக்கு மைனி. கைக்குக் கீழ நாலு ஆள் இருக்கு."

மில்லில் நாலு ஆள் என்று அத்தை பூரித்தாள். பெரியவர் கூடையை நீட்டினார். மங்குஸ்தான். எங்கள் பக்கத்தில் சீசனுக்கு மட்டும் குற்றாலத்தில் தலைகாட்டும் ராஜப் பழம். நாள் முழுக்கக் கத்தரிக்காயின் முகத்தில் விழிக்கிற என் அப்பாவுக்குப் பழம் என்றால் மானம் மரியாதை கிடையாது. யோசிக்கிறோம் என்கிற கட்டத்தை ஒரே தாண்டாகத் தாண்டி, உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பெரியவர்கள் அருவியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அந்த மகன் என் பக்கம் நகர்ந்து நின்றார். "எனக்கு இந்த வசனமெல்லாம் மனப்பாடம் ஆகல்ல. நேராவே கேக்கேன். கடல் தாண்டிப் போகணும், நினைச்ச நேரம் ஊருக்கு வர முடியாது. ஒங்களுக்குச் சம்மதமா?"

தலையைக் குனிந்து அருவியைப் பார்ப்பது மறந்துபோயிற்று. நிமிர்ந்து ஆளைப் பார்த்தேன். "கடல் தாண்டியா அரிசி மில்லு வச்சிருக்கிய?"

"எந்த மில்லு?"

வாசுதேவநல்லூர் மில்லு என்றேன். "நான் மலாயால, தைப்பிங்ல, ரயில் ஆபீசுல இருக்கேன். லீவுல வந்திருக்கேன். கடையம் சொந்த ஊரு" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நீங்க செங்கோட்டைதானே?" என்றார்.

வாசகர்களே, அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கேயோ இன்னொரு குடைக்கடியில் ஒரு செங்கோட்டைப் பெண் தலையைக் குனிந்து அருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கே நாங்கள் தப்பான ஆட்களோடு சரியான வசனம் பேசிக்கொண்டிருக்கிறோம். வாயைத் திறந்து 'இல்லை' என்றால் போதும். ஆனால் என் கண் முன்னால் வகுப்பறைச் சுவர்ப்படம். ஆசியாக் கண்டத்தின் அடியில் புடலங்காய் போலத் தொங்கும் மலாயா. காதில், பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒருவர் கேட்ட 'சம்மதமா?'

"செங்கோட்டை ரோட்டுலதான் வீடு" என்றேன். அதில் எழுத்தளவும் பொய்யில்லை. தென்காசியில் செங்கோட்டை போகும் ரோட்டில்தான் எங்கள் வீடு.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, என்னிடம் தந்தார். "இதுல ஆறு சுளை இருக்கும்" என்றார்.

நான் வாங்கிக்கொண்ட அந்த நேரத்தில்தான், இன்னொரு கறுப்புக் குடை எங்கள் முன்னால் வந்து நின்றது. அதற்கடியில் மீசை வைத்த ஒரு மனிதர், இரண்டு பெண்கள், பழக்கூடை, புதுச் சட்டையில் ஒரு பையன். "அடடே! நீங்க எங்க இங்கன?" என்றார் மீசைக்காரர்.

அத்தை அவரைப் பார்த்தாள். கடையத்தாரைப் பார்த்தாள். இரண்டு குடைகளையும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைச் சாரலிலும் பார்க்க முடிந்தது.

"அப்ப நீங்க யாரு?" என்றாள் கடையத்து அம்மாளிடம். கேட்கவே கூடாத கேள்வி.

"நாங்க யாரா? நீங்க செங்கோட்டைக்காரங்க இல்லையா?"

"எந்த ஊரு தகிடுதத்தம் இது? பழத்தைக் குடுத்து ஆள் பிடிக்க வந்தியளா?"

"யாரு ஆள் பிடிச்சா? கண்டதும் 'அடடே'ன்னு பல்லக் காட்டினது யாரு?"

"எங்கள வரச் சொல்லிட்டு, இங்கன இன்னொருத்தர்கூடப் பேச்சா? இதாம்யா தகிடுதத்தம்!" என்றார் மீசைக்காரர்.

மூன்று குடும்பமும் அந்தச் சொல்லைப் பந்து போல மாற்றி மாற்றி எறிந்தன. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அந்த இடத்தில் பெரியவர்கள் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்கள் வாழ்க்கையிலேயே உண்மையான தற்செயல் அதுதான். அதை அவர்களால் நம்ப முடியவில்லை.

"ஏ தம்பி, அவங்க பழத்த அவங்ககிட்டயே குடுத்துரு" என்று அத்தை அப்பாவிடம் கத்தினாள். அப்பா கூடைக்குள் பார்த்தார். தோல்தான் இருந்தது. "தின்னாச்சே அக்கா. இனி என்ன செய்ய?" என்றார், உதட்டைத் துடைத்தபடி.

மிச்சம் இருந்தது என் கையிலிருந்த ஒரே பழம். எல்லாருக்கும் அது ஒரே சமயத்தில் தெரிந்தது. "ஏட்டி, அத இங்க குடு" என்று அத்தை கையை நீட்டினாள். நான் கொடுத்திருந்தால் சாரல் ஜாஸ்தியாகியிருக்கும், எல்லாரும் கிளம்பியிருப்பார்கள், இப்போது நான் வாசுதேவநல்லூரில் உமி ஊதிக்கொண்டிருப்பேன். பழத்தை இரண்டு கையாலும் நெரித்துப் பிளந்தேன். தோலின் சாயம் வெளிர் மஞ்சள் சேலையில் தெறித்தது. ஒவ்வொரு சுளையாக, அவசரப்படாமல், அத்தனை குடைகளுக்கு நடுவில் நின்று தின்று முடித்தேன். கடையத்துப் பெரியவர்தான் முதலில் பேசினார்: "பிள்ளையே தின்னுட்டுதுல்லா. பொறவு என்ன பேச்சு?" மீசைக்காரர் தன் கூடையை இறுக்கி அணைத்துக்கொண்டு போனார். ஆவணியில் கல்யாணம். அந்தச் சேலைக் கறை இன்றுவரை போகவில்லை.

இந்த நாளைத்தான் தைப்பிங் சந்தை கலைத்துவிட்டது. ஒரு வாரம் மனத்துக்குள் வைத்துப் புழுங்கினேன். எட்டாம் நாள் இவரே வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார்.

"அந்தப் பழக்கார மக்சிக்குக்கு என்ன வந்திட்டு? காசக் கையில வச்சாலும் அழுகல் பழமாப் பொறுக்கித் தாரா. கூட்டத்துக்கு நடுவுல என்னையக் காட்டி 'தீப்பு, தீப்பு'ங்கா. மீன்காரர் வரைக்கும் முறைக்காரு!"

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றேன். "ஆறு சுளைன்னு அன்னைக்கு எப்படிச் சொன்னிய? அடியில இருக்கிற பூவப் பாத்துத்தானே? நான் என்னமோ மந்திரம்னு நினைச்சி உங்க பின்னாடி கடல் தாண்டி வந்திருக்கேன். இது தகிடுதத்தம் இல்லையா?"

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி என்னைப் பார்த்தபோது முகத்தில் அந்தப் பச்சைப் பிள்ளைக் களை.

"அடியப் பாத்தேன். அஞ்சு இதழ்தான் இருந்திச்சு."

"பொறவு ஏன் ஆறுன்னிய?"

"செங்கோட்டை ரோட்டுல வீடுன்னு சொன்னேல்லா? செங்கோட்டையில இருக்கிறவ எவளாவது செங்கோட்டை ரோட்டுல வீடுன்னு சொல்லுவாளா? அப்பவே தெரிஞ்சிட்டு, நீ அந்தப் பொண்ணு இல்லன்னு. ஆனா வாயத் திறக்காம நிக்கே. வரணும்னு நிசமாவே ஆசையா, இல்ல பயத்துல சொல்லுதியான்னு எனக்குத் தெரியணும்லா. அதான் ஒண்ணக் கூட்டிச் சொன்னேன். பிடிக்கலைன்னா 'அஞ்சுதான் இருக்கு'ன்னு என் மூஞ்சில எறிஞ்சிட்டுப் போயிருப்ப. நீ அஞ்சையும் தின்னுட்டு, ஒண்ணும் சொல்லாம, கீழ விழுந்துட்டோன்னு தரையத் தேடின."

தேடினேன். அது வாஸ்தவம். ஐந்தாவதை விழுங்கியதும் கையில் வெறும் தோல். இவர் சொன்னது தப்பாக இருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. சாரலில் எங்கேயோ நழுவிவிட்டது என்றுதான் கல் தளத்தில் கண்ணை ஓட்டினேன். பிறகு, கேட்டவர்களிடமெல்லாம் ஆறு என்றே சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

மறுநாள் இவரையும் அழைத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். இவரைக் கண்டதும் மக்சிக் தராசை எடுத்து ஒளித்து வைத்தாள். நான் இவரைக் காட்டி "தீப்பு" என்றேன். பிறகு என் மார்பில் கையை வைத்து, "சாய பூன் தீப்பு" என்றேன். நானும் ஏமாற்றுக்காரிதான். தென்காசியில் ஒருவரும் சொல்லத் துணியாத வாக்கியம் மலாயில் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது! மக்சிக் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தலைத்துணி நழுவ நழுவச் சிரித்தாள். மீன்காரச் சீனருக்கும் ஏதோ சொன்னாள், அவரும் சிரித்தார். அன்றிலிருந்து இவருக்கு நல்ல பழம் கிடைக்கிறது. எனக்கு மட்டும் கூறுக்கு மேல் போட்ட இரண்டு பழம் நின்றுபோயிற்று. பரிதாபத்துக்கு உரியவள் இல்லை என்று தெரிந்துவிட்டதே.

தைப்பிங்கில் தினமும் மழை பெய்கிறது. குற்றாலத்துச் சாரலைப் போலத் தயங்கித் தயங்கி அல்ல. மூன்று மணி சங்கு ஊதியது போல் வந்து கொட்டிவிட்டுப் போகும். மழை விட்டபின் நாங்கள் பின்கட்டில் உட்கார்ந்து மங்குஸ்தான் தின்கிறோம். இங்கே அது ராஜப் பழம் இல்லை, குப்பையாகக் கிடைக்கிறது. அடியைத் திருப்பி எண்ணிவிட்டுத்தான் உரிக்கிறேன். கணக்கு ஒரு தரம்கூடப் பிசகியதில்லை. ஆனாலும் கடைசிச் சுளை வாய்க்குள் போனதும் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரிவது தைப்பிங்கின் நனைந்த சிமெண்டுத் தளம். கண் தேடுவது, குற்றாலத்துக் கோயில் வாசலில், குடைகளுக்கும் கால்களுக்கும் நடுவே எங்கேயோ உருண்டு கிடக்கும், என்றைக்குமே இல்லாத அந்த ஆறாவது சுளையை.